சறுக்குமரத்துக்குச் சங்கிலி

என் பேரன் சறுக்குமரத்திலிருந்து விழுந்து கையை ஒடித்துக்கொண்டான். வீட்டுக்கு வந்து விசாரித்தவர்கள் நாலு பேர். கூட்டம் போட்டவர்கள் நாற்பது பேர்.

நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தில் 48 வீடுகள். பின்பக்கம் மதிற்சுவரை ஒட்டினாற்போல், மூன்று கார் நிறுத்துகிற அளவு இடத்தில், ஒரு சறுக்குமரமும் இரண்டு ஊஞ்சலும், தொங்கிக்கொண்டே கைமாற்றிப் போவதற்கு ஒரு கம்பி ஏணியும் இருக்கின்றன. வீடுகளை விற்றபோது விளம்பரத்தில் 'சிறுவர் பூங்கா' என்று வண்ணப்படம் போட்டிருந்தார்களே, அது இதுதான். 'மூன்று கார் நிறுத்துகிற அளவு' என்று நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. குடியிருப்போர் சங்கத்தின் நடவடிக்கைப் புத்தகத்தில் அந்த இடத்துக்குக் கொடுத்திருக்கும் அளவே அதுதான்.

தீர்மானம் இப்படிப் போயிற்று: குழந்தைகளின் பாதுகாப்பை முன்னிட்டு, அடுத்த பொதுக்கூட்டம் வரையில் விளையாட்டு இடத்தை மூடி வைப்பது, சறுக்குமரத்தின் படிகளுக்கும் ஊஞ்சல்களுக்கும் சங்கிலி போட்டுப் பூட்டுவது, சாவி செயலாளரிடம் இருப்பது, அந்த இடத்தை விருந்தாளிகளின் கார் நிறுத்தமாக மாற்றுவது பற்றி அடுத்த கூட்டத்தில் முடிவு செய்வது. 'ஏகமனதாக' என்று எழுதப் போனார்கள். 'ஒருவர் நீங்கலாக' என்று திருத்தச் சொன்னேன்.

"என்ன சார் இது! கை ஒடிஞ்சது உங்க பேரனுக்கு. உங்களுக்காகத்தானே இவ்வளவும் செய்யறோம்? நீங்களே எதிர்த்தா எப்படி?" என்றார் செயலாளர்.

அவர் நல்ல மனிதர். நாவலாக இருந்தால் அவரைக் கொஞ்சம் கெட்டவராக்கியிருப்பேன். கதை சுலபமாக நகரும். ஆனால் உண்மையில், பேரன் விழுந்த அன்று தம் காரிலேயே ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனவர் அவர்தான். அவருடைய கேள்விக்குக் கூட்டத்தில் எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. நாற்பது வருஷமாக மேஜைமுன் உட்கார்ந்து, அடித்து அடித்துத் திருத்தி எழுதியே பழகிவிட்ட ஆசாமிக்கு, நாலு பேர் முன்னால் வாய் எழும்புமா? ஆகவே அந்தப் பதிலை இங்கே எழுதுகிறேன். எங்கள் கட்டடத்தில் இந்தப் பத்திரிகை பதினாறு வீடுகளுக்கு வருகிறது என்பது எனக்குத் தெரியும். மற்ற வாசகர்கள், தங்கள் கட்டடத்தில் இப்படி நடக்கவே நடக்காது என்று நினைத்தால், இந்தப் பக்கத்தைத் தாராளமாகத் தள்ளிவிட்டுத் தொடர்கதைக்குப் போகலாம்.

முதலில் வழக்கின் விவரம். அந்தச் சறுக்குமரத்தின் அடியில் முன்பெல்லாம் மணல் கொட்டியிருந்தது. பிள்ளைகளின் காலோடு மணல் லிஃப்டுக்குள் வருகிறது, மாடிப்படியில் நறநறக்கிறது, பூனை அசிங்கம் பண்ணுகிறது என்று புகார் வந்தது. புகார் நியாயமானதுதான். இரண்டு வருஷம் முன்னால் மணலை வாரிவிட்டுச் சிமெண்டு போட்டு, மேலே பளபளவென்று ஓடும் பதித்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. என் பேரன் ஐந்தடி உயரத்திலிருந்து விழுந்தது அந்த அழகின் மேல்தான். இப்போது ஓடு அப்படியே இருக்கிறது, சங்கிலி சறுக்குமரத்துக்கு.

டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். பெரியவர்களின் எலும்பு காய்ந்த விறகு மாதிரி 'படக்'கென்று இரண்டாக முறியும். எட்டு வயதுப் பிள்ளையின் எலும்பு முருங்கையின் பச்சைக் குச்சி மாதிரி; வளைந்து, ஒரு பக்கம் மட்டும் பிளந்துகொடுக்கும். அப்படித்தான் இருந்தது இவனுக்கும். மாவுக்கட்டுப் போட்டு ஐந்து வாரம் கழித்து வரச் சொன்னார். ஐந்து வாரமும் பையனுக்குத் திருவிழாதான். வகுப்பில் இருந்த அத்தனை பேரும் கட்டின்மேல் கையெழுத்துப் போட்டார்கள். எனக்கு நாற்பது வருஷத்தில் கிடைக்காத கீர்த்தி அவனுக்கு ஒரு நாளில் கிடைத்தது.

ஐந்து வாரம் கழித்துச் சின்ன ரம்பம் வைத்துக் கட்டை அறுத்தார்கள். உள்ளேயிருந்து வந்த கையைப் பார்த்து என் மகள் அழுதுவிட்டாள். எனக்கும் தொண்டை அடைத்தது. அது அவன் கை மாதிரியே இல்லை. தோல் உரிந்து, வெளுத்து, முன்னங்கை மற்றக் கையில் முக்கால் பங்குகூட இல்லாமல் மெலிந்து கிடந்தது. தண்ணீர் டம்ளரைப் பிடிக்கச் சொன்னால் விரல்கள் நடுங்கின. "எலும்பு நன்றாகச் சேர்ந்துவிட்டது. சதை மட்டும் இளைத்திருக்கிறது. ஐந்து வாரமாக அதற்கு வேலையே இல்லையே! வேலை கொடுத்தால் தானே திரும்பி வரும்" என்றார் டாக்டர்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஐந்தே வாரம்! நல்ல சாப்பாடு, பால், முட்டை எல்லாம் குறைவில்லாமல் போயிற்று. ஆனாலும் அசையாமல் இருந்த ஒரே குற்றத்துக்காக ஒரு கை இப்படிக் கரைந்துவிடுகிறது. அப்படியானால் குழந்தை முழுவதுக்குமே கட்டுப் போட்டு, ஐந்து வாரத்துக்குப் பதில் பத்து வருஷம் வைத்திருந்தால் என்ன ஆகும்? அந்தக் கட்டுக்கு மாவும் துணியும் வேண்டாம். எங்கள் எதிர் வீட்டுப் பெண்குழந்தையின் ஒரு நாளைப் பார்த்தால் போதும். காலை 7 மணிக்கு வேன். வேனில் முக்கால் மணி உட்கார்ந்திருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் பெஞ்சு. மறுபடி வேன். 5 மணிக்குக் கணக்கு டியூஷன். அங்கே பாயில் உட்காருகிறாள். வீட்டுக்கு வந்ததும் சோபா. கையில் அம்மாவின் செல்போன். பிறகு வீட்டுப்பாடம், சாப்பாடு, படுக்கை. அந்தக் குழந்தை ஒரு நாளில் ஓடுகிற ஓட்டமெல்லாம் வேன் ஹாரன் கேட்டதும் லிஃப்டிலிருந்து வாசல்வரை ஓடுவதுதான். சங்கிலி போடுவதற்கு முன்னால், மாலை ஆறு மணிக்கு மேல் அரை மணி நேரம் ஊஞ்சலில் அவளைப் பார்த்திருக்கிறேன். இப்போது அதுவும் இல்லை.

விளையாட்டு என்றால் 'பொழுதுபோக்கு' என்று ஒரு வார்த்தை வைத்திருக்கிறோம் பாருங்கள், வினையெல்லாம் அந்த வார்த்தையில்தான். போகவேண்டிய பொழுது பெரியவர்களுக்கு உண்டு. குழந்தைக்கு அது உடம்பைக் கட்டுகிற நேரம். எலும்பு ஒரு தரம் வார்த்துவிட்ட கம்பி அல்ல. அதன்மேல் விழுகிற பளுவையும் அதிர்ச்சியையும் பார்த்துப் பார்த்து, வேண்டிய இடத்தில் தடித்துக்கொள்கிற உயிருள்ள பொருள். ஜூலியஸ் வுல்ஃப் என்னும் ஜெர்மானிய ரண சிகிச்சை நிபுணர் 1892-இலேயே இதைப் பற்றிப் புத்தகம் எழுதிவிட்டார். சின்ன வயது முதல் டென்னிஸ் ஆடுகிறவர்களுடைய மட்டை பிடிக்கிற கையின் எலும்பு, மற்றக் கையினுடையதைவிடக் கனத்திருப்பதைப் பிற்காலத்தில் அளந்தே காட்டிவிட்டார்கள். ஒரே உடம்பு, ஒரே ரத்தம், ஒரே சாப்பாடு. வித்தியாசம் ஆட்டம் ஒன்றுதான்.

இன்னொரு பரீட்சை எனக்கு மிகவும் பிடித்தது. அமெரிக்காவில் ஆரிகன் மாகாணத்தில், ஆறு முதல் பத்து வயதுக்குள் இருந்த பிள்ளைகளில் ஒரு பகுதியினரை 61 செண்டிமீட்டர் உயரப் பெட்டியின்மேல் ஏற்றிக் கீழே குதிக்கச் சொன்னார்கள். ஒரு தடவைக்கு 100 குதி, வாரத்துக்கு மூன்று நாள், ஏழு மாதம். மற்றப் பகுதியினருக்குக் கை கால் நீட்டி மடக்குகிற சாதாரணத் தேகப்பயிற்சி. முடிவில், குதித்த பிள்ளைகளின் இடுப்பிலும் முதுகெலும்பிலும் சேர்ந்திருந்த எலும்புச் சத்து மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. 2001-இல் இது பிரசுரமாயிற்று. படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாங்கள் தஞ்சை ஜில்லாவில், கோடையில் தண்ணீர் வற்றிய காவிரியின் கரைமேலிருந்து மணலில் 'தொபுக் தொபுக்'கென்று குதித்தபோது யாரும் எண்ணவில்லை. எண்ணியிருந்தால் நாளைக்கு நூறு தாண்டியிருக்கும். பச்சைக்குதிரை தாண்டினோம், நொண்டி அடித்தோம், பாண்டிக் கட்டத்தில் ஒற்றைக் காலில் தத்தினோம். ஒவ்வொரு தத்தலும் இடுப்பெலும்புக்கு ஒரு கடுதாசி: 'இங்கே இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு தேவை.' பாலும் மாவும் மட்டும் அந்தக் கடுதாசியை எழுதிவிடாது. பாலில் கலந்து கொடுக்கிற மாவுகளின் விளம்பரத்தில் இதைச் சொல்லமாட்டார்கள்.

'நாங்கள்' என்று எழுதினேன். அது அவ்வளவு சரியில்லை. அந்த மணலில் என் அக்கா பன்னிரண்டு வயதுவரைதான் குதித்தாள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். என்னைவிட நன்றாகவும் குதிப்பாள். ஒரு நாள் திடீரென்று அவள் வரவில்லை. திண்ணைக்கு உள்பக்கம், கூடத்தில் உட்கார்ந்து பூத் தொடுத்துக்கொண்டிருந்தாள். நான் கூப்பிட்டபோது பாட்டி என்னை அதட்டினாள். அதற்குப்பின் அவள் ஓடி நான் பார்த்ததே இல்லை. கல்யாணத்தில் நலங்கின்போது ஒருமுறை வேகமாக நடந்தாள். அதற்கே ஏச்சு வாங்கிக்கொண்டாள்.

கனடா தேசத்தில், 1990-களில், ஒரே பிள்ளைகளை வருஷா வருஷம் அளந்து ஒரு கணக்கு எடுத்தார்கள். மனிதருக்கு வயதான பிறகு இருக்கிற எலும்புச் சத்தில் சுமார் நாலில் ஒரு பங்கு, இரண்டே வருஷத்தில் சேர்ந்துவிடுகிறதாம். எந்த இரண்டு வருஷம்? பிள்ளைகள் 'மளமள'வென்று உயருகிற அந்த இரண்டு வருஷம். பெண்களுக்கு அது ஏறத்தாழப் பன்னிரண்டு வயதை ஒட்டியும், ஆண்களுக்குப் பதினாலை ஒட்டியும் வருகிறது. அதாவது எந்தச் சமயத்தில் எலும்புக்குக் குதியும் ஓட்டமும் கட்டாயம் வேண்டுமோ, அதே சமயம் பார்த்து நாம் பெண்ணைப் பிடித்து உள்ளே உட்கார வைக்கிறோம். என் பாட்டி காலத்தில் கூடத்தில் உட்கார வைத்தார்கள். இப்போது டியூஷனில் உட்கார வைக்கிறோம். 'ஏழாங்கிளாஸ் வந்துட்டா, இனிமே என்ன ஊஞ்சல்?' என்று போன மாதம் லிஃப்டில் ஒரு தாயார் சொன்னதை என் காதால் கேட்டேன். அந்த அம்மாள் எம்.எஸ்ஸி. படித்தவர்.

அக்கா அறுபத்தெட்டு வயதில் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். பெரிய விழுகை இல்லை, உட்கார்ந்தாற்போல் விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆப்பரேஷன் செய்து தகடு வைத்தார்கள். அதன்பிறகு மூன்று வருஷம் இருந்தாள். மூன்று வருஷமும் அந்த அறையைவிட்டுத் தானாக வெளியே வரவில்லை. ஒரு அக்காவின் கதையை வைத்துச் சாஸ்திரம் நிரூபணம் ஆகாது. பிள்ளைப்பேறு, சாப்பாடு, மாதவிலக்கு நின்றபின் எலும்பு தேய்வது, இவற்றுக்கெல்லாம் பங்கு உண்டு. ஆனால் தேய்வதற்கு முன்னால் சேமிப்பு எவ்வளவு இருந்தது என்ற கேள்வியும் இருக்கிறதல்லவா? அந்தச் சேமிப்பைப் போடுகிற வயதில் அவள் பூத் தொடுத்துக்கொண்டிருந்தாள். 'பாதுகாப்பு' என்று சங்கத்தார் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தக் குளியலறை ஞாபகம் வருகிறது. ஐந்து வாரத்தில் சேர்ந்துவிடுகிற பச்சைக் குச்சி முறிவுக்குப் பயந்து, மூன்று வருஷம் படுக்கையில் போடுகிற முறிவுக்கு இப்போதே அஸ்திவாரம் போடுகிறோம்.

இது என் ஒருவனுடைய கிழட்டுப் புலம்பல் என்று எண்ணிவிட வேண்டாம். 5 முதல் 17 வயது வரையில் உள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிஷமாவது மூச்சு வாங்குகிற மாதிரி ஓடியாட வேண்டும், வாரத்தில் மூன்று நாளாவது சதைக்கும் எலும்புக்கும் பலம் தருகிற ஆட்டம் அதில் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் எழுதி வைத்திருக்கிறது. அதற்கு முந்தின வருஷம் அந்த நிறுவனத்தார் 146 நாடுகளில் 16 லட்சம் மாணவர்களைப் பற்றிய 2016 வரையிலான கணக்குகளைத் திரட்டிப் பார்த்தார்கள். 11 முதல் 17 வயதுக்காரர்களில் 100-க்கு 81 பேர் அந்த ஒரு மணி நேரத்தை எட்டவில்லை. பையன்களில் 78, பெண்களில் 85. நம்முடைய கூடத்துப் பெண்கள் உலகம் பூராவும் இருக்கிறார்கள் என்று தெரிந்தது. அதில் எனக்கு ஒன்றும் ஆறுதல் இல்லை.

கண் விஷயமும் இருக்கிறது. எங்கள் கட்டடத்துப் பிள்ளைகள் ஒரு பிறந்த நாளுக்குக் கூடினார்கள். பாதிப்பேர் மூக்கில் கண்ணாடி. காரட்டும் கீரையும் கொடுக்காதது குற்றம் என்று அம்மாக்கள் தங்களைத் தாங்களே நொந்துகொண்டார்கள். சீனாவில் குவாங்சோ நகரத்தில் முதல் வகுப்புப் பிள்ளைகளை வைத்து மூன்று வருஷம் சோதித்தார்கள். சில பள்ளிகளில் தினமும் 40 நிமிஷம் கூடுதலாக வெளியே, திறந்தவெளியில் விட்டார்கள். மற்றப் பள்ளிகளில் வழக்கம்போல். மூன்று வருஷ முடிவில், வழக்கம்போல் இருந்தவர்களில் 100-க்கு 39.5 பேருக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது. வெளியே போனவர்களில் 30.4 பேருக்குத்தான். 2015-இல் வெளிவந்த கணக்கு இது. தைவானில் 2010 முதல், நாளைக்கு 120 நிமிஷம் வெளிச்சத்தில் விட வேண்டும் என்று பள்ளிகளுக்கே சொல்லிவிட்டார்கள். பல வருஷமாக ஏறிக்கொண்டே இருந்த பார்வைக் குறைவு அதற்குப்பின் இறங்கத் தொடங்கியது. பகல் வெளிச்சம் கண்ணுக்குள் டோபமின் என்கிற ரசத்தைச் சுரக்கச் செய்து, விழி நீண்டுபோகாமல் தடுக்கிறது என்று ஆராய்ச்சிக்காரர்கள் பலர் கருதுகிறார்கள். டியூஷன் அறையின் குழல்விளக்கு அந்த வேலையைச் செய்யாது.

"விளையாட்டு வேண்டாம்னு யார் சார் சொன்னது? எங்க பையன் ஸ்கேட்டிங் கிளாஸ் போறான், கராத்தே கிளாஸ் போறான்" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். போகட்டும், நல்லதுதான். அந்த வகுப்பு ஒன்றை நான் ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். இருபத்திரண்டு பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். தன் முறை வரும்வரை ஒவ்வொரு குழந்தையும் நிற்கிறது. முறை வந்ததும் ஒரு உதை. மறுபடி வரிசையின் வாலுக்குப் போகிறது. அதற்கு மஞ்சள் பட்டை, பச்சைப் பட்டை, பரீட்சைக் கட்டணம் தனி. சறுக்குமரத்தில் நடப்பது வேறு சங்கதி. நாலு வயதுக் குழந்தை முதல் நாள் இரண்டாவது படியில் நின்றுவிடும். யாரும் 'ஏறு' என்று சொல்லமாட்டார்கள். மறுநாள் மூன்றாவது படி. தன் பயத்தைத் தானே அளந்து, அதற்கு அரையங்குலம் மேலே காலை வைக்கிறது. கால் எங்கே இருக்கிறது, கை எட்டுமா, உடம்பின் கனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதெல்லாம் கண்ணால் பார்க்காமலே அதற்குத் தெரியவருகிறது. ஊஞ்சலில் முன்னும் பின்னும் போகும்போது காதுக்குள்ளே இருக்கிற அந்த மூன்று வளைவுக் குழாய்களில் நீர் அலைந்து, நிலை தடுமாறாமல் நிற்கிற பாடத்தை மூளைக்குச் சொல்கிறது. கம்பி ஏணியில் தொங்கும்போது தன் உடம்பின் முழுக் கனத்தையும் இரண்டு கைகள் தாங்குகின்றன. விழவும்கூட அங்கேதான் கற்றுக்கொள்கிறார்கள். எப்படி விழுவது என்று தெரியாத குழந்தைதான் நாளைக்கு மாடிப்படியில் விழும்.

கம்பி ஏணி என்றதும் ஒரு வேடிக்கை நினைவுக்கு வருகிறது. பெற்றோர்கள் ரசிப்பார்கள். மேல்நாட்டுத் திடல்களில் குறுக்கும் நெடுக்குமாகக் குழாய்களை இணைத்துக் கூண்டுபோல ஒன்று இருக்குமே, அதற்கு 1923-இல் பேடண்ட் வாங்கியவர் சிகாகோவைச் சேர்ந்த செபாஸ்டியன் ஹிண்டன் என்னும் வக்கீல். அவருடைய தகப்பனார் சார்லஸ் ஹிண்டன் கணித மேதை. ஜப்பானில் உத்தியோகத்தில் இருந்தபோது, முப்பரிமாணக் கணக்கைப் பிள்ளைகளுக்குப் புரியவைப்பதற்காக மூங்கிலால் ஒரு சட்டம் கட்டினார். பிள்ளைகள் ஏறித் தொங்கிக் குதித்தார்கள். கணக்கு வந்ததோ இல்லையோ, மகனுக்குப் பேடண்ட் வந்தது.

கணக்கு என்றதும் மார்க்கு. இங்கேதான் நம்முடைய நடுத்தரக் குடும்பத்து நெஞ்சு துடிக்கிறது. என் நெஞ்சும் துடித்ததுண்டு, நானும் மகளை வளர்த்தவன்தான். 'விளையாட்டுக்குப் போனால் மார்க்கு போய்விடும்' என்பதைக் கனடாவில் த்ருவா ரிவியேர் என்ற ஊரில் 1970 முதல் பரீட்சித்தார்கள். ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரத்துக்கு 5 மணி நேரம் தேகப்பயிற்சியைக் கூட்டி, அந்த நேரத்தை மற்றப் பாடங்களிலிருந்து வெட்டினார்கள். ஆறு வருஷம் இப்படி. பாடநேரம் குறைந்தவர்கள் படிப்பில் பின்தங்கவில்லை. மேல் வகுப்புகளில் மற்றவர்களைவிட ஒரு பிடி மேலாகவே இருந்தார்கள். நம் ஊரில் என்ன செய்கிறோம்? தேகப்பயிற்சி வாத்தியாருக்கு வாரத்தில் இரண்டு பீரியடு. டிசம்பர் வந்தால் அதையும் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்வார். திருப்பிக் கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. தேகப்பயிற்சி ஆசிரியர்களைத் தயார் செய்வதற்கென்றே ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் 1920-இலேயே ஒய்.எம்.சி.ஏ. கல்லூரியைத் தொடங்கியது இதே சென்னைப் பட்டணத்தில்தான். 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலும், பள்ளிக்கூடம் என்றால் என்னென்ன இருக்க வேண்டும் என்ற பட்டியலில் விளையாட்டுத் திடல் இருக்கிறது. பாப்பாப் பாட்டில் மாலை நேரத்தை பாரதியார் எதற்கு ஒதுக்கினார் என்பது நம் எல்லோருக்கும் மனப்பாடம். பாட்டு இருக்கிறது, சட்டம் இருக்கிறது, கல்லூரி இருக்கிறது. சென்ற ஆண்டு ஒரு பள்ளியின் ஆண்டு விழாவுக்கு என்னைத் தலைமை வகிக்க அழைத்தார்கள். திடல் எங்கே என்று கேட்டேன். மேடை போட்டிருந்த இடத்தைக் காட்டினார்கள். "மற்ற நாளில்?" என்றேன். "மற்ற நாளில் பஸ் நிற்கும்" என்றார் தாளாளர், கொஞ்சமும் கூசாமல்.

'இடம் இல்லை' என்பது கடைசி வாதம். யுத்தம் முடிந்த ஆம்ஸ்டர்டாம் நகரத்தை நினைத்துப் பாருங்கள். பசியும் பஞ்சமும் அப்போதுதான் தாண்டியிருந்தன, வீடுகள் பற்றாக்குறை. அங்கே நகரசபையில் வேலைக்குச் சேர்ந்த ஆல்டோ வான் ஐக் என்ற இளம் கட்டடக்கலைஞர், வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே சும்மா கிடந்த துண்டு நிலங்களைப் பொறுக்கி எடுத்தார். ஒரு மணல் தொட்டி, தாண்டிப் போக நாலு கல், தலைகீழாகத் தொங்க இரண்டு கம்பி வளைவு, அவ்வளவுதான் சாமான். 1947-இல் ஒன்று ஆரம்பித்து, 1978-க்குள் எழுநூறுக்கும் மேற்பட்ட விளையாட்டு இடங்கள் அந்த ஒரே நகரத்தில் வந்துவிட்டன. அவற்றில் பல நம்முடைய மூன்று கார் இடத்தைவிட ரொம்பப் பெரியவை அல்ல. அங்கேயும் கார்கள் இருந்திருக்கும், விருந்தாளிகளும் வந்திருப்பார்கள்.

இன்னொரு புகாரும் உண்டு. அது எழுத்தில் வரவில்லை. காதோடு காதாக வந்தது. காவலாளியின் பையனும் அந்த ஊஞ்சலில் ஆடுகிறானாம். அதற்கு நான் பதில் எழுதப் போவதில்லை. அந்தக் கம்பி ஏணியை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை கால் தரையில் படாமல் கடக்கிற ஒரே பையன் அவன்தான் என்பதை மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன். அவனிடம்தான் என் பேரன் அதைக் கற்றுக்கொண்டிருந்தான்.

நான் ஆபத்தே வேண்டும் என்று சொல்கிறவன் அல்ல. இற்றுப்போன ஊஞ்சல் சங்கிலியை மாற்றுங்கள்; துருப்பிடித்த ஆணியைப் பிடுங்குங்கள்; வெயிலில் தகரம் காய்கிற நேரத்தில் பிள்ளைகளை விடாதீர்கள், ஐந்து மணிக்கு மேல் விடுங்கள். ஓட்டைப் பெயர்த்துவிட்டு ஒரு அடி ஆழத்துக்கு மணல் நிரப்புங்கள். பூனைக்கு ராத்திரியில் ஒரு தார்ப்பாய் போதும். லிஃப்டில் மணல் நறநறத்தால், பெருக்குகிற அம்மாளுக்கு மாதம் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால் ஆயிற்று. 48 வீட்டுக்கும் பங்கு போட்டால், ஒரு வீட்டார் ஒரு மாலை ஓட்டலில் சாப்பிடுகிற பில்லுக்கு வராது. முதல் பங்கை நான் தருகிறேன். கை ஒடிந்தவனின் தாத்தா என்ற முறையில் அந்த உரிமை எனக்கு உண்டு.

மாவுக்கட்டு அறுத்த அன்று, இனிமேல் என்ன மருந்து என்று டாக்டரைக் கேட்டோம். மருந்து ஒன்றும் இல்லை என்றார். முதல் மூன்று வாரம் பந்தைப் பிசையச் சொன்னார். பக்கெட்டில் தண்ணீர் விளையாடச் சொன்னார். "அப்புறம் பழையபடி விளையாட விடுங்கள். ஏறட்டும், தொங்கட்டும். ஒளித்து ஒளித்து வைத்தீர்களானால் கை இப்படியே இருந்துவிடும்" என்றார். நான் அதைச் சீட்டில் எழுதிக் கொடுக்கும்படி கேட்டேன். விசித்திரமாகப் பார்த்தார், ஆனாலும் எழுதிக் கொடுத்தார்.

மூன்று வாரம் முடிந்தது. நேற்று மாலை அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு செயலாளர் வீட்டுக்குப் போய்ச் சாவி கேட்டேன். காப்பி கொடுத்தார். சீட்டை இரண்டு தரம் படித்தார். கையைப் பற்றி அக்கறையாக விசாரித்தார். சாவி அவருக்குப் பின்னால், காலண்டருக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"கூட்டம் முடியட்டும் சார்" என்றார்.

திரும்பி வந்தபோது பேரன் எங்கள் வாசல் கிரில் கதவின் மேல் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, இரண்டு கையிலும் மாற்றி மாற்றிக் கனத்தை ஏற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கதவுக்குக் கீழே தரை கிரானைட்.